அடுக்கில் இருக்கும் ஔவை கணினியில் இல்லை!

நூல்களை எழுதிக் குவிப்பதால் மட்டும் ஒரு மொழி வாழ்ந்துவிடாது. எழுதிய நூல் தேடி வருவோரின் கைக்குச் சென்று சேர்தல் வேண்டும். இவ்வுண்மையை உலகுக்கே நெறியாக வகுத்துரைத்தவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த அரங்கநாதன் ஆவார். நூல்கள் பயன்பாட்டுக்கே உரியன. ஒவ்வொருவருக்கும் அவர்க்கேற்ற நூல். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கேற்ற படிப்பாளி. படிப்போரின் காலத்தை வீணாக்காதே. நூலகம் வளரும் உயிர் என்னும் அவருடைய ஐந்து நெறிகள் 1931-இல் நூலாக வெளிவந்தன. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் கண்டதும் 1948-இல் சென்னை மாகாணமே. இத்துணைப் பெருமை வாய்ந்த மண்ணில் இன்று நடப்பது என்ன?

ஒரு பள்ளிச் சிறுமி கிளை நூலகத்துக்கு வருகிறாள். ஔவையார் நூல் வேண்டும் என்கிறாள். நூலகர் கணினியில் தட்டுகிறார். “இல்லை” என்கிறது திரை. சிறுமி திரும்பிப் போகிறாள். அவள் நின்ற இடத்துக்குப் பத்தடி தொலைவில், ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் அடுக்கில் தூசு படிந்து கிடக்கின்றன. நூலகர் பொய் சொல்லவில்லை, கணினியும் பழுதாகவில்லை. பிழை எழுத்தில் இருக்கிறது.

‘ஔ’ என்பது ஓரெழுத்து. உயிர் பன்னிரண்டில் இறுதியில் நிற்பது. பட்டியலை உருவாக்கியவரோ, பழைய தட்டச்சுப் பழக்கத்தால் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டிவிட்டார். மாந்தக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்தின் வடிவைப் பாராது அதன் எண்ணை மட்டுமே பார்க்கும் கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். ‘வௌவால்’ என்னும் சொல்லுக்கும் இதே கதிதான். ‘வெ’யும் ‘ள’வும் சேர்ந்த போலி வடிவம் பட்டியலில் ஏறிவிட்டால், உண்மை வௌவாலைத் தேடுவோர்க்கு அந்நூல் கிட்டாது. ‘கா’வின் காலுக்கு மாறாக ‘ர’வைத் தட்டி வைக்கும் கொடுமையும் உண்டு.

இதைக் கண்டறிய ஓர் எளிய வழி இருக்கிறது. ஐயமுள்ள எழுத்தின் பின்னே சுட்டியை நிறுத்திப் பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்ட வேண்டும். ‘ஔ’ முழுதும் மறைந்தால் அது மெய்யான எழுத்து. ‘ள’ மட்டும் அழிந்து ‘ஒ’ எஞ்சி நின்றால் அது போலி. ஒரு நொடியில் முடியும் இவ்வாய்வை ஒவ்வொரு நூலகப் பணியாளரும் கைக்கொள்ள வேண்டும்.

இப்பிழைக்கு மூத்த பிழை வேறொன்று. கணினிக்குள் தமிழ் நுழைந்த தொடக்க நாள்களில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எழுத்துக்கு எண் கொடுத்தது. ஒருவர் தட்டியதை மற்றொருவர் படிக்க அவருடைய எழுத்துருவே வேண்டியிருந்தது. 1991-இல் ஒருங்குறியில் தமிழுக்கு இடம் கிடைத்தது. 2010-இல் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆயினும் பழைய எழுத்துருக்களில் தட்டிய பட்டியல்கள் இன்னும் பல இடங்களில் உறங்குகின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். அவற்றைக் குப்பையென்று அழித்துவிடுதல் அறியாமை. மீண்டும் முதலிலிருந்து தட்டுதல் வீண் உழைப்பு. பழைய குறியேற்றத்தை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் இணையத்தில் உள்ளன. மாற்றிய பின் அடுக்கில் உள்ள நூலோடு ஒப்பிட்டுப் பிழை திருத்த வேண்டும். திருத்தி முடியும்வரை பழைய கோப்பையும் காத்தல் வேண்டும்.

எல்லாவற்றினும் இழிந்தது, தமிழ் நூலின் பெயரை ஆங்கில எழுத்தில் மட்டும் தட்டி வைக்கும் வழக்கம். ‘எளிதாக இருக்கிறது’ என்பர். யாருக்கு எளிது? ஆங்கில எழுத்தில் பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடுகின்றன. கலை எது, களை எது என்று அறிய வழியில்லை. லகர ளகரமும் நகர னகர ணகரமும் வேறுபாடிழந்து நிற்கும் பட்டியல் தமிழ்ப் பட்டியல் ஆகுமா? அயலார்க்கு ஆங்கில வடிவம் தேவையெனின் அதனை இரண்டாம் வரியில் இடுக. முதல் வரி தமிழுக்கே உரியது.

“தமிழில் தட்டத் தெரியாது” என்னும் சாக்கு இனிச் செல்லாது. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற ‘தமிழ் 99’ விசைப்பலகை தமிழின் இயல்பை அறிந்து அமைத்தது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம் ஆக முப்பத்தொரு விசைகளில் தமிழ் முழுதும் அடங்கும். உயிரெல்லாம் இடக்கைப் பக்கம்; மெய்யுள் பெரும்பாலன வலக்கைப் பக்கம். அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ என்று வருகிறது. இடையிலுள்ள புள்ளியை அதுவே இட்டுக்கொள்கிறது. விண்டோசுக் கணினிகளிலும் ஆப்பிள் கணினிகளிலும் இவ்விசைப்பலகை உடன் தரப்படுகிறது. மொழி அமைப்புப் பகுதிக்குச் சென்று தமிழைச் சேர்த்தாலே போதும். நாளுக்கு அரைமணி நேரம் பழகினால் சில கிழமைகளில் கை படிந்துவிடும்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். மறைமலையடிகளின் தொடக்ககால நூல்கள் வேதாசலம் என்னும் பெயரைத் தாங்கியவை. பெயரை மாற்றிக்கொண்ட அப்பெருமகனார் ஒருவரே. ஆனால் கணினிக்கு அவர் இருவர். ஒரு பெயரைத் தலைப்பெயராகக் கொண்டு, மற்றதிலிருந்து அதற்கு வழிகாட்டும் பதிவு இடவேண்டும். முன்னெழுத்துக்குப் பின் புள்ளி, புள்ளிக்குப் பின் இடைவெளி என்பதிலும் நூலகம் முழுதும் ஒரே ஒழுங்கு வேண்டும். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கணினி அருகே ஒட்டி வைத்தால், இன்றைய பணியாளர் மாறி நாளை வேறொருவர் வந்தாலும் ஒழுங்கு மாறாது.

ஒட்டத் தகாத தாளும் ஒன்றுண்டு. அது கடவுச்சொல் எழுதிய தாள்! பொதுக் கணினியைப் பயன்படுத்திச் செல்வோர் தம் மின்னஞ்சலை மூடிவிட்டனரா என்று பார்த்தலும் நூலகரின் கடமையே. தேர்வுப் படிவம் நிரப்ப வரும் எளியவர்க்கு உதவும்போது, வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவெண்ணை எவர்க்கும் சொல்லற்க என்று அறிவுறுத்த வேண்டும். பணத்தை ஏமாற்றிப் பறித்துவிட்டால் உடனே 1930 என்னும் எண்ணுக்கு அழைக்கச் சொல்ல வேண்டும்.

பட்டியலைக் காப்பது பற்றி யாழ்ப்பாணம் கற்பித்த பாடத்தை எந்தத் தமிழரும் மறத்தற்கில்லை. 1981 மே இறுதி நாளிரவில் மூட்டிய தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்தில் படி இல்லாதவை மீளவே இல்லை. அப்புண்ணின் நினைவோடு ஈழத்தமிழர் 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூல் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் ஏற்றிக் காத்து வருகிறது. ஒரே கணினியில் இரண்டு கோப்புறைகளில் வைத்தல் காப்பாகாது. ஒரு படி நூலகக் கணினியிலும், ஒன்று தனி வட்டிலும், ஒன்று வேற்றூரிலோ இணையச் சேமிப்பிலோ இருத்தல் வேண்டும். திங்களுக்கு ஒருமுறையேனும் அப்படியைத் திறந்து பார்த்தலும் வேண்டும். திறவாத படி இருந்தும் இல்லாததே.

நூலகத்தில் இல்லாத நூலைக் கேட்பவரை வெறுங்கையோடு அனுப்பவும் தேவையில்லை. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் கட்டணமின்றித் திறந்து கிடக்கின்றன. தேடும்போது நூற்பெயரை இரட்டை மேற்கோளுக்குள் இட்டால், அச்சொற்றொடர் அப்படியே உள்ள பக்கங்கள் முன்னிற்கும்.

குறையனைத்தையும் பணியாளர் தலைமேல் ஏற்றுதல் அறமாகாது. ஓராள் நூலகத்தில் கூட்டுவதும் அவரே, பதிவதும் அவரே. அவர்க்குத் தமிழ் 99 பயிற்சி தருவதும், ஒருங்குறியை ஏற்கும் மென்பொருளைத் தருவதும் அரசின் கடன். ‘கோகா’ போன்ற நூலக மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கும்போது பணமில்லை என்னும் கூற்று எடுபடாது.

தமிழன்பர் கடனும் ஒன்றுண்டு. அவரவர் ஊர் நூலகத்துக்குச் செல்க. அடுக்கில் கண்ட பத்துத் தமிழ் நூல்களின் பெயரைக் கணினியில் தேடுக. அகப்படாதவற்றைத் தாளில் குறித்து, சினமின்றி நூலகரிடம் தருக. திருத்துவதற்கு உடனிருந்து கைகொடுக்க. மேடையில் ஒரு மணி நேரம் தமிழை வாழ்த்துவதினும், பட்டியலில் ஓர் ‘ஔ’வைத் திருத்துவது மேலான தொண்டு. திரும்பிப் போன அச்சிறுமி மறுமுறை வரும்போது ஔவை அவளுக்குக் கிடைத்தாக வேண்டும்!