களப்பும் படகு வீடும்

பலாலி 2019இல் சர்வதேச விமான நிலையமாயிற்று. நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பற் சேவை 2023இல் தொடங்கிற்று. உல்லாசப் பயணிகள் வருகின்றனர், வரட்டும். விருந்தோம்பலில் நாம் பின்நின்றவர்களல்லர். ஆயினும், கேரளத்தைப் பார்த்து யாழ்ப்பாணக் களப்பிலும் படகு வீடுகளை மிதக்கவிடலாமென எண்ணுவோர், அக்கேரளத்தை முழுவதும் பார்த்துவிட்டு வரவேண்டும் என்கிறோம்.

ஆலப்புழையில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்களே 1990களில் படகு வீடுகளாயின. லொறிகள் வந்தபின் பிழைப்பிழந்த வள்ளக்காரருக்கும் தச்சருக்கும் அது வாழ்வளித்தது, மறுக்கோம். பின்னர் நடந்ததென்ன? படகுகள் ஆயிரத்தைத் தாண்டின. அவற்றின் எண்ணெயும் மலக்கழிவும் வேம்பநாட்டுக் காயலிற் கலந்தன. கரையிலுள்ளோர் குளித்ததும் பாத்திரம் கழுவியதும் அந்த நீரிலேதான்.

நமது களப்போ ஆழமற்றது. வற்றாத ஆறு எதுவும் வந்து அதைக் கழுவுவதில்லை. களங்கண்டி வலை கட்டி இறால் பிடிப்போருக்கு அதுவே வயல். அவ்வயலை ஊடறுத்து இயந்திரப் படகோட அனுமதி வழங்குவது கொழும்புத் திணைக்களமா, கரையிலுள்ள கடற்றொழிலாளர் சங்கமா?

இது மீனவர் வழக்கென்று கமக்காரர் வாளாவிருத்தல் ஆகாது. கரையில் எழும் விடுதிகளின் மலக்குழிகள் இறங்குவது, நமது கிணறுகள் ஊறும் அதே சுண்ணக்கற் பாறைக்குள்ளேதான். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து, 2015 அளவில் மக்கள் குடிநீருக்கு வாளியோடு காத்துநின்றதை அதற்குள் மறந்தோமா?

படகுக் கழிவைக் கரையில் ஏற்றுச் சுத்திகரிக்கும் நிலையம் முதலில் எழட்டும். சங்கங்களின் எழுத்துமூல இசைவு கிடைக்கட்டும். அதுவரை ஒரு படகு வீட்டுக்கேனும் அனுமதிப்பத்திரம் வழங்கப்படலாகாது.