பிழையைக் குப்பையில் போடாதீங்க!

வகுப்புச் சுற்றுலாவுக்குப் பணம் வசூலிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று ஏற்றிவிட்டார்கள். நானும் ஜம்பமாக பைத்தானில் ஒரு குட்டி நிரல் எழுதினேன். வசூல் பட்டியலைப் படித்து யார் யார் பாக்கி என்று அது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஓட்டிப் பார்த்தால் திரை முழுக்கப் பிழைச்செய்திகள். எரிச்சலில் அத்தனையையும் 'டெவ் நல்' பக்கம் திருப்பிவிட்டேன். லினக்ஸில் அது அடியில்லாத குப்பைத்தொட்டி, போனது போனதுதான். திரை சுத்தம். வந்த பாக்கிப் பட்டியலை அப்படியே வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்.

அதில் ஒரு தோழியின் பெயர் இருந்தது. டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் முதல் ஆளாகக் கட்டியவள். மறுநாள் எல்லோர் முன்னாலும் ரசீதை நீட்டினாள். கையெழுத்து என்னுடையது! அவளுடைய தொகையை நான் 1,500 என்று காற்புள்ளியோடு தட்டியிருக்கிறேன். நிரல் அதை எண்ணாக ஏற்காமல் அந்த வரியைத் தாண்டிவிட்டது. சும்மா தாண்டவில்லை, சொல்லிவிட்டுத்தான் தாண்டியது. காதைப் பொத்திக்கொண்டது நான்தான்.

யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் நிரலுக்கு இரண்டு வாய். 1-இல் விடை வரும், 2-இல் பிழைச்செய்தி வரும். 1970-களில் பெல் ஆய்வகத்தில், அச்சுக்கோக்கும் கருவியில் விடைக்குப் பதிலாகப் பிழைச்செய்தியே அச்சாகி வந்து கடுப்பேற்றிய பிறகுதான் இப்படிப் பிரித்தார்களாம்.

செய்ய வேண்டியது சுலபம். கட்டளையின் கடைசியில் 2>> போட்டு ஒரு கோப்பின் பெயரைக் கொடுங்கள். திரையும் சுத்தம், செய்தியும் பத்திரம். 2> என்று ஒற்றையாகப் போட்டால் ஒவ்வொரு முறையும் பழையது அழிந்துவிடும். இரட்டையாகப் போட்டால் அடியில் சேர்ந்துகொண்டே வரும்.

"லாக் கோப்பையெல்லாம் யாருப்பா படிக்கிறது?" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. வவுச்சரை யார் தினமும் படிக்கிறார்கள்? சண்டை வரும் நாளில்தானே தேடுகிறோம்! நம் நாட்டில் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில், எந்தப் பதிவு எப்போது மாற்றப்பட்டது என்ற தடம் இருந்தே ஆக வேண்டும், அதை அணைக்கவும் முடியக்கூடாது என்பது 2023 ஏப்ரல் 1 முதல் விதி. தடத்தை அழிக்கும் கணக்காளரை நாம் சந்தேகப்படுவோம். அதையே நிரலில் செய்தால் மட்டும் சுத்தமா?

தோழி மன்னித்துவிட்டாள். இப்போதெல்லாம் பட்டியலைப் போடும் முன் லாக் கோப்பைத் திறந்து பார்க்கிறேன். அதில் புதிதாக ஒரு வரி இருந்தாலும் பட்டியல் வெளியே போகாது.

நீங்க எப்படி?