கறி எது? வதந்தி சொல்ல வேண்டாம், சோதனை சொல்லட்டும்!

2018-ம் ஆண்டு நவம்பர் மாதம். ஜோத்பூரிலிருந்து வந்த ரயிலில் சுமார் 2,000 கிலோ இறைச்சி சென்னை எழும்பூரில் பிடிபட்டது. வால் நீளமாக இருந்தது. "நாய்க்கறி!" என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. பிரியாணிக் கடைகளில் கூட்டம் குறைந்தது.

இறைச்சியின் மாதிரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனது. சில நாட்களில் முடிவு வந்தது. அது நாய்க்கறி அல்ல, ஆட்டுக்கறி!

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஒவ்வொரு உயிரின் சதையிலும் அதன் இனத்தைக் காட்டும் மரபணு இருக்கிறது. கடுகளவு கறி போதும். அதிலுள்ள மரபணுவை "பி.சி.ஆர்." என்ற முறையில் கோடிக்கணக்கில் பெருக்கி, ஆடா, மாடா, பன்றியா என்று பார்த்துவிடுகிறார்கள். சமைத்த கறியிலும் பெரும்பாலும் இது முடியும். அயர்லாந்தில் 2013-ம் ஆண்டு, மாட்டுக்கறி என்று விற்ற பண்டத்தில் குதிரைக்கறி கலந்திருந்ததை இத்தகைய சோதனைதான் காட்டிக்கொடுத்தது.

'ஹலால்' என்றால் அனுமதிக்கப்பட்டது என்று பொருள். முஸ்லிம்களுக்குப் பன்றிக்கறி ஆகாது. மிட்டாயிலும் மாத்திரைக் கூட்டிலும் சேரும் ஜெலட்டின், பன்றியிலிருந்து வந்ததா, மாட்டிலிருந்து வந்ததா என்பதையும் சோதித்து அறியலாம்.

ஆனால் ஒன்று. அறுத்தவர் இறைவன் பெயரைச் சொன்னாரா? எந்த இயந்திரமும் இதைக் கூறாது. அதற்கு நம்பிக்கையான ஆள் வேண்டும். நாணயமான கடை வேண்டும். விஞ்ஞானம் பாதி, மனிதனின் நாணயம் பாதி.

சென்னையிலிருந்து தெற்கே போகும் பஸ்கள் திண்டிவனம், விழுப்புரம் வழியாகப் போகின்றன. நடு இரவில் சாலையோர ஓட்டலில் சாப்பிடுகிறவருக்குச் சமைத்தவர் யார் என்று தெரியாது. இங்கே ஏமாற்று நடந்தால் ஒருவரின் மார்க்கமே புண்படும். பொய்ப் புரளி கிளம்பினாலோ, ஏழை வியாபாரியின் அடுப்பு அணைந்துபோகும். இரண்டும் அநியாயமே!

சந்தேகம் வந்தால் சட்டம் இருக்கிறது. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவைச் சோதிக்கச் செய்யலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். உணவு சட்டத்துக்கு மாறானது என்று அறிக்கை சொன்னால், கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. இறைச்சியைப் பிடித்ததும் அது இன்ன கறி என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். சோதனையைச் சீக்கிரம் முடியுங்கள். பிடித்த செய்தி எவ்வளவு தூரம் போயிற்றோ, முடிவும் அவ்வளவு தூரம் போய்ச் சேர வேண்டும்.

ஏமாற்றினவன் தப்பக் கூடாது. ஏமாற்றாதவன் அழியவும் கூடாது. அதற்குத்தான் சோதனை!