சிலாக்கியம் அவர்களுக்கு, பொறுப்பு நமக்கு

தேவனுக்கு ஊழியம் செய்வது சிலாக்கியம், அதுவே பொறுப்பு என்று விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சபைகளில் சிறு வயதிலிருந்து கேட்டு வருகிறேன். இரண்டையும் யாருக்கு எப்படிப் பங்கு பிரித்தார்கள் என்பதை மட்டும் எந்தப் பிரசங்கமும் சொன்னதில்லை. பீடத்தில் நிற்பது, திருவிருந்து கொடுப்பது, கமிட்டியில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது சிலாக்கியம். கோயிலைக் கூட்டுவது, பாய் விரிப்பது, ஓய்வுநாள் பள்ளி நடத்துவது, கூட்டத்துக்குச் சோறாக்குவது, வீடு வீடாகப் போய் ஜெபிப்பது பொறுப்பு. முதலாவது பெரும்பாலும் ஆண்களிடம் இருக்கிறது. இரண்டாவது நம்மிடம்.

இந்தப் பங்கீட்டுக்கு வேதத்தையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். சரி, வேதத்துக்கே போவோம். மாற்கு முதல் அதிகாரத்தில் வனாந்தரத்தில் இயேசுவுக்குத் தேவதூதர்கள் செய்ததும், காய்ச்சல் நீங்கி எழுந்த பேதுருவின் மாமியார் செய்ததும் கிரேக்க மூலத்தில் ஒரே வினைச்சொல். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் தூதர்கள் செய்தது ‘ஊழியம்’, மாமியார் செய்தது ‘பணிவிடை’. தாம் வந்ததே இதற்குத்தான் என்று பத்தாம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் இடத்திலும் அதே வினைச்சொல்தான். தமிழில் அது மறுபடி ‘ஊழியம்’ ஆகிவிடுகிறது. கலிலேயாவிலிருந்து சிலுவைவரை பின்சென்ற பெண்களுக்கு மட்டும் அந்தச் சொல் கிடைக்கிறது. தெருவில் நடந்தவள் ஊழியம் செய்தாள், வீட்டில் இருந்தவள் பணிவிடை செய்தாள். மொழிபெயர்ப்பிலேயே அடுப்படி வந்துவிட்டது.

‘ஊழியம்’ என்ற சொல்லுக்கும் ஒரு பழைய கதை உண்டு. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் கூலியில்லாமல் வாங்கிய கட்டாய வேலைக்குப் பெயர் ஊழியம். கூலி கேட்டால் ‘ஊழியத்துக்குக் கூலியா’ என்று பெண்களிடம் திருப்பிக் கேட்கும்போது, அந்தப் பழைய பொருள் இன்னும் சாகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் பெண்களின் தியாகம் பற்றிப் பேச வேண்டுமென்றால் உடனே ஐடா ஸ்கடரை எடுப்பார்கள். 1890-களில் திண்டிவனம் மிஷன் பங்களாவில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், இன்னொருவரும் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் அப்பா மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் தங்கள் மனைவியைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா மருத்துவராவதென முடிவெடுத்தார். ‘பார்த்தீர்களா தியாகத்தை’ என்று பிரசங்கம் இங்கே முடியும்.

நான் இதை வேறுவிதமாகப் படிக்கிறேன். அந்தப் பெண்களைக் கொன்றது பிரசவம் மட்டுமல்ல, கணவர்களின் மானமும்தான். கதவைத் தட்டிய ஆண்களின் சாதியும் மதமும் கதையில் பதிவாகியிருக்க, இறந்த பெண்களுக்குப் பெயர்கூட இல்லை. ஐடாவும் மனமுருகி அழுதுவிட்டு நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் படித்து 1899-இல் பட்டம் வாங்கினார். ஷெல் என்பவர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரைக் கொண்டு 1902-இல் வேலூரில் மருத்துவமனையைத் திறந்தார். 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். ஆண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது 1947-இல்தான். படிப்பு, பணம், கட்டடம், முடிவெடுக்கும் அதிகாரம் எல்லாம் பெண் கையில் வந்ததால்தான் அந்த ஊழியம் நின்றது. இதைச் சொல்லாமல் தியாகத்தை மட்டும் சொல்வது, நம்மைத் தொடர்ந்து துடைப்பத்தோடு நிறுத்திவைப்பதற்கு.

தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் ஆயர்களாக அபிஷேகம் பெறுகிறார்கள். 2013-இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார். கத்தோலிக்கத்தில் பெண்களுக்குக் குருப்பட்டம் இல்லை என்று 1994-இல் இரண்டாம் ஜான் பால் கதவைச் சாத்தினார். 2021-இல்தான் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் போப் பிரான்சிஸ் சட்டப்படி பெண்களுக்குத் திறந்துவிட்டார். ஆனால் சட்டம் திறந்த கதவை ஊர் திறக்க வேண்டுமே. பெண் ஆயர் வந்தால் கல்யாணத்துக்கு வேறு ஆயரைக் கூப்பிடலாமா என்று யோசிக்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.

பெண்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் இன்னொன்று மறைந்துபோகும். அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஏறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9-இல் வன்னியக் கிறிஸ்தவர்கள் அவர்களுடைய வீடுகளைத் தாக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்களுக்கு நடுவே இது நடந்தது. ஆணுக்கே பீடம் இவ்வளவு தூரம் என்றால், தலித் பெண்ணுக்கு அது எவ்வளவு தூரம்? பெண்கள் சங்கத்துத் தலைவி நாற்காலியில் இதுவரை யார் உட்கார்ந்தார்கள், பாத்திரத்தை யார் கழுவினார்கள் என்று நாமும் நம் சபைகளில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஊழியத்தை விடச் சொல்லி நான் எழுதவில்லை. நம்பிக்கை உள்ளவள் என்பதால்தான் எழுதுகிறேன். கமிட்டியில் பாதி இடம் கேளுங்கள். பெண்கள் சங்கம் திரட்டிய பணத்துக்குக் கணக்குக் கேளுங்கள். வேலைக்குக் கூலி கேளுங்கள். இறையியல் படித்த பெண்ணுக்குப் பிரசங்க மேடை கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அடுத்த அறுப்பின் பண்டிகைக்குச் சமையலை ஆண்களிடம் விடுங்கள். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவினார். அவர்கள் ஒரு பானையாவது கழுவட்டும். சிலாக்கியம்தானே!