திரும்பி வராதவர் குணமடைந்தவர் அல்லர்

புரோஸ்டேட் புற்றுநோய், அறுவைக்குப் பின் மீளுமா என்பதை முன்னுணர்த்தும் காரணிகளை நாம் நன்கறிவோம்: அறுவைக்கு முந்தைய பி.எஸ்.ஏ. அளவு, கிளீசன் மதிப்பெண், வெட்டு விளிம்பில் எஞ்சிய புற்றணுக்கள், சுரப்பியின் உறையைத் தாண்டிய பரவல், விந்துப்பை ஊடுருவல், நிணநீர்க்கணுப் பாதிப்பு. இவ்வாறையும் கூட்டி 12 வரை மதிப்பெண் தரும் காப்ரா-எஸ் அளவுகோல் 2011 முதல் கையில் இருக்கிறது. ஆயினும் நம் ஆய்வேடுகள் ஏழாவது காரணியைத் தேடியே களைக்கின்றன.

என் குற்றச்சாட்டு வேறு. பி.எஸ்.ஏ. 0.2 நானோகிராமை எட்டி, மறுசோதனையிலும் உறுதிப்பட்டால்தான் நோய் மீண்டது என்கிறோம். சோதனைக்கே வராதவரின் நோய் ஏட்டில் ஒருபோதும் மீளாது! பயணச் செலவுக்கு வழியின்றி நின்றுவிட்டவரைக் கப்லான்-மையர் வரைபடத்தில் ஒரு சிறு கோடாக்கிவிட்டு நகர்கிறோம். விலகியவருக்கும் தொடர்பவருக்கும் ஆபத்து ஒன்றே என்பது அம்முறையின் எடுகோள். அதை நம்மில் எத்தனை பேர் சோதித்தோம்?

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பி.எஸ்.ஏ. உயர்ந்தபின் நோய் பிற உறுப்புகளுக்குப் பரவ எடுத்த இடைநிலைக் காலம் 8 ஆண்டுகள். ஈராண்டுக் கண்காணிப்பை வைத்துக்கொண்டு நாம் எதை முன்கணிக்கிறோம்?

காலமில்லை, நிதியில்லை என்பர். ஒரு தொலைபேசி அழைப்புக்குமா?

ஆய்வு மாணவர்களே, எத்தனை பேர் திரும்பவில்லை, ஏன் திரும்பவில்லை என்பதை முதல் அட்டவணையிலேயே எழுதுங்கள். நெறியாளர்களே, அவ்வரி இல்லாத ஆய்வேட்டில் கையொப்பமிடாதீர்கள்.