வான்குதிப்போர் நகைமொழி

முள்ளுக்குறிச்சியில் நின்று கொல்லிமலையை அண்ணாந்து நோக்குவார்க்கு ஒன்று கூறுவேம்: ஏறத்தாழ 4,000 அடி உயர்ந்த அம்மலையினும் தாழ்ந்த உயரத்திலேதான் வான்குதிப்போர் பலர் தம் குடையை விரிக்கின்றனர். இக்கலை நமக்கு அயலதன்று. 1941இல் இந்தியப் படையில் முதன்முதற் குதித்தாருள் ஒருவர் மருத்துவர் ஏ. ஜி. ரங்கராஜ், 1951 மார்ச்சில் கொரியாவிலும் குதித்தார்.

இதிற் பழகியோர் ஒருவரையொருவர் ஓயாது நகையாடுதல் வீண்பேச்சென்பார் சிலர். யாம் உடன்படோம். எதனையும் முதன்முறை செய்தவர் தோழர்க்கு விருந்தளித்தல் அவர்தம் வழக்கு. மேனாட்டார்க்கு அது பியர். நம்மவர் காப்பியாக்கிக்கொள்ளினும் வழக்குக் கெடாது! ஆயின் அதன் பயன் விருந்தன்று. தனக்கு எது புதிதென்பதை ஒவ்வொருவரும் வாய்விட்டுக் கூற நேர்கிறது. கேட்ட மூத்தோர் தாம் அறிந்ததை உரைக்கின்றனர்.

1922இல் லெஸ்லி இர்வின் தொடங்கிய கம்பளிப்புழுக் கழகம் இன்னும் சுவையுடைத்து. குடைக்குப் பட்டு நல்கிய புழுவே அதன் சின்னம். பழுதுற்ற விமானத்தினின்றும் உயிர்பிழைக்கக் குதித்தார்க்கே ஆங்கு இடமுண்டு. இன்பத்திற்காக ஆயிரமுறை குதித்தவர்க்கு இல்லை!

ஆயினும், புதியோன் அச்சத்தை எள்ளும் நகையை யாம் ஒப்போம். எள்ளலுக்கு அஞ்சுவோன் தன் பிழையை மறைப்பான். மறைத்த பிழை அடுத்த குதிப்பில் உயிரையே கவரும். மூத்தோர் தம் தவற்றையே முதலிற் சொல்லிச் சிரிப்பாராயின், இளையோன் தன் குடையைக் காட்டி, "ஐயா, இம்மடிப்புச் சரியோ?" என்று அஞ்சாது வினவுவான்.