டெலிவரியா? பின்பக்கம் போங்க!

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கிட்டு சென்னையில் ஒரு ஆர்ட் கேலரிக்குப் போனேன் மக்களே. ஒரு சிற்பியோட தனிநபர் கண்காட்சி. கேலரி பேரும் சிற்பி பேரும் வேண்டாம். பிரச்சினை அந்த ஒரு கேலரியோட முடியறது இல்லை.

அப்பாவுக்கு அம்பத்தூர்ல சின்னதா ஒரு வெல்டிங் பட்டறை. முப்பது வருஷமா கேட், கிரில், மாடிப்படி. நான் பைக்கை நிறுத்திட்டு வர்றதுக்குள்ள அவர் முன்னாடி நடந்துட்டார். போய்ப் பார்த்தா வாசல்லயே நிக்கிறார். செக்யூரிட்டி சொல்றார்: "பெரியவரே, டெலிவரின்னா பின்பக்கம் போங்க."

நான் செக்யூரிட்டியைத் திட்டப் போறதில்லை. எந்த மாதிரி ஆளுங்க முன்வாசல் வழியா வருவாங்க, எந்த மாதிரி ஆளுங்க வரமாட்டாங்கன்னு அவருக்கு அனுபவத்துல தெரிஞ்சிருக்கு. அந்த அனுபவத்தை அவருக்குக் கொடுத்தது யாரு? அதுதான் இந்தப் பதிவு.

உள்ளே போனோம். நடுவுல ஆளுயரத்துக்கு ஒரு சிற்பம். இரும்புச் சட்டம், மேல செம்புத் தகடு. சுவத்துல ஒரு பக்கத்துக்கு ஆங்கிலத்துல குறிப்பு. நானும் இன்ஜினியரிங் படிச்சு, தினமும் ஆங்கிலத்துல மெயில் அனுப்பித்தான் சம்பளம் வாங்குறேன். ரெண்டு தடவை படிச்சேன். பொருண்மையின் நினைவைக் கேள்விக்குட்படுத்தி வெளியோடு ஏதோ பேச்சுவார்த்தை நடத்துதாம் அந்தச் சிற்பம். எதால செஞ்சது, எப்படிச் செஞ்சது, ஏன் செஞ்சது, ஒரு வரி இல்லை.

அப்பா குறிப்புப் பக்கமே போகலை. சிற்பத்தை மூணு சுத்து சுத்தினார். குத்துக்கால் போட்டு உக்காந்து அடியில பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "டேய், இங்க பாரு. எல்லா எடத்துலயும் வெல்டை கிரைண்டர் போட்டு நல்லா தேய்ச்சிருக்கான். இந்த ஒரு எடத்துல மட்டும் அப்படியே விட்டு வச்சிருக்கான். தெரியாம விடலை, வேணும்னே விட்டிருக்கான். தழும்பு மாதிரி இருக்குல்ல?"

அந்த நிமிஷம்தான் எனக்கு அந்தச் சிற்பம் புரிஞ்சது.

"உள்ள கூடா, கம்பி கட்டியிருக்கா?"ன்னு அங்க இருந்த பொண்ணுகிட்ட கேட்டார். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே ஒரு ஆங்கில மடிப்புத் தாளை எடுத்துக் கொடுத்தாங்க. அவர்கிட்ட இல்லை, என்கிட்ட.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நவீன சிற்பம் சாதாரண ஜனங்களுக்குப் புரியாதுன்னு ஒரு கதை ரொம்ப நாளா ஓடுது. சுத்தப் பொய். 1966ல கே.சி.எஸ். பணிக்கர் சக கலைஞர்களோட ஈஞ்சம்பாக்கத்துல சோழமண்டலத்தை ஆரம்பிச்சப்போ, பாத்திக் மாதிரி கைவினைப் பொருள் செஞ்சு வித்துத்தான் அவங்க வயித்தைக் கழுவினாங்க. கைத்தொழிலும் கலையும் ஒரே கூரைக்குக் கீழ இருந்த இடம் அது. அந்த வட்டத்துல வந்த சிற்பி பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டை அடிச்சு உருவம் செஞ்சார். இதை எப்படி விளக்குவீங்க? நம்ம கோயில்ல மூலவருக்குச் சாத்துற கவசம் இருக்கே, அந்த வேலைப்பாட்டோட சொந்தக்காரன்னு சொன்னா எங்க பாட்டிக்குப் புரியும். அந்தக் 'கவசம்'ங்கிற ஒரு வார்த்தையை எடுத்துட்டு நாலு ஆங்கில வார்த்தையைப் போடுங்க, பாட்டி வெளியே போயிடுவாங்க. சிற்பம் அவங்களைத் துரத்தலை. சுவத்துல ஒட்டின தாள் துரத்திச்சு.

மெரினாவுல உழைப்பாளர் சிலை 1959ல இருந்து நிக்குது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செஞ்சது. நாலு பேர் பாறையைத் தள்றாங்க. அதுக்கு எந்தக் குறிப்பும் தேவைப்படலை. ஆனா உழைப்பாளியைச் சிலையா வச்சுக் கும்பிடுற ஊர்ல, நிஜ உழைப்பாளி கேலரிக்கு வந்தா பின்பக்கம்!

"கேலரி ஒரு வியாபாரம்பா, வாங்குறவனுக்கு ஆங்கிலம் போதும்"னு ஒரு நண்பர் சொன்னார். சரிங்க, வியாபாரம்தான். அப்போ கருத்தரங்குல உக்காந்து "சென்னைல கலை ரசனையே இல்லை"ன்னு புலம்பாதீங்க. ரசனை வாசல்ல நின்னுச்சு, நீங்கதான் டெலிவரியான்னு கேட்டீங்க.

நம்ம ஆளுங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். "இதை எங்க வீட்டு வாண்டு கூட செய்யும்"னு நக்கல் அடிச்சு பதிவு போடுறோமே, அதுவும் சோம்பேறித்தனம்தான். மூணு சுத்து சுத்திப் பார்த்துட்டு அப்புறம் நக்கல் அடிங்க.

நான் கேட்கிறது பெருசா ஒண்ணும் இல்லை. ஒரு ஏ4 தாள்ல தமிழ்ல பத்து வரி. என்ன உலோகம், எப்படி இணைச்சது, எத்தனை பேர் கை பட்டது. கண்காட்சி நடக்கிற நாள்ல ஒரு சாயங்காலம் சிற்பி வந்து நின்னு, கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்லட்டும். இதுக்கு ஆகுற செலவு தொடக்க விழா காபியை விடக் கம்மி.

திரும்பி வர்றப்போ டீக்கடையில அப்பா கேட்டார், "வேற எங்கயாச்சும் இந்த மாதிரி வச்சிருக்காங்களாடா?" சோழமண்டலம் இருக்கு, அடுத்த ஞாயித்துக்கிழமை போலாம்னேன். டீயை ஒரு வாய் குடிச்சுட்டு, "வேற சட்டை போட்டுக்கவா?"ன்னார்.

எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. கேலரிக்காரங்க யாராவது படிச்சா சொல்லுங்க.

டிஸ்கி: நான் கலை விமர்சகன் இல்லை, பொட்டி தட்டுறவன். அதனால 'உனக்கென்ன தெரியும்'னு வர்றவங்க எங்க அப்பாகிட்ட பேசிக்கோங்க :-)